பழைய ஜீப்: உள்பக்கமும் முன்கண்ணாடிச் சட்டமும் சீர் செய்கிறேன், எங்கே தொடங்குவது?

#1 – ஜீப்83

வணக்கம். என்னிடம் 1983-இல் வந்த ஜீப் ஒன்று இருக்கிறது. தகர உடம்பு, துணிக் கூரை, முன்கண்ணாடி தன் சட்டத்தோடு பானெட் மேல் மடிந்து படுக்கும் வகை. என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் வேலையெல்லாம் முடிந்துவிட்டது. உள்பக்கம் மட்டும் பாக்கி.

சீட் கிழிந்து உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் தூளாகக் கொட்டுகிறது. தரையில் விரித்த மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் சணல் விரிப்பு ஊறிப்போய்க் கிடந்தது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. முன்கண்ணாடியின் கீழ் ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குப் பால் போல வெளுத்திருக்கிறது. கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பீடிங் கல் மாதிரி இறுகிவிட்டது. மழையில் ஓட்டினால் முழங்காலில் சொட்டுகிறது.

என் திட்டம் இது: முதலில் தரை ஓட்டைக்குத் தகரம் வைப்பது, பிறகு புது மேட், சீட், டேஷ்போர்டு. கண்ணாடி கடைசியில். அதுவரை கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் அடித்து ஒழுக்கை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். இந்த வரிசை சரியா? கண்ணாடி தட்டையானதுதான், அதை வெளியில் வெட்டி வாங்கலாமா?

#2 – தகரக்கை

வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள் தம்பி. தரை ஓட்டை தரையில் பிறந்தது இல்லை. கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையில் நுழைந்த தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் தகரத்தின் உள்முகமாகவே வழிந்து கீழே வந்து, சணலில் தங்கி, வருடக்கணக்கில் தரையைத் தின்றிருக்கிறது. நீங்கள் புதுத் தகரம் வைத்து அதன்மேல் புது மேட் விரித்தால் அதே தண்ணீர் அதே இடத்துக்குத்தான் வரும். மேலேயிருந்து கீழே வாருங்கள். சட்டம், கண்ணாடி, சட்டத்துக்கு அடியில் இருக்கும் கவுல் தகரம், அப்புறம் தரை, எல்லாவற்றுக்கும் பிறகு சீட்.

சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெயிண்ட் போன இரும்பின்மேல் அதை அடித்தால் மூடிய இடத்துக்குள்ளேயே துருவுக்குத் தீனி போட்டது போல. இன்னொரு தொல்லையும் உண்டு. சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பிரைமர் பிடிக்காது, மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கை விட்டுப்போகும். ஒழுக்கை இப்போதைக்கு நிறுத்த வேண்டுமானால் வண்டியை மூடி நிறுத்துங்கள், அது போதும்.

கண்ணாடி வெட்டி வாங்கலாம். ஆனால் அது கடைசிப் பேச்சு. சட்டம் சரியாகாமல் கண்ணாடிக்கு அளவு கொடுக்காதீர்கள்.

#3 – சீரிஸ்மூன்று

தகரக்கை அண்ணன் சொல்வதை என் வண்டி நிரூபித்திருக்கிறது. என்னுடையது லேண்ட் ரோவர் சீரிஸ் மூன்று. உடம்பு அலுமினியக் கலவை, பர்மாபிரைட் என்பார்கள். அலுமினியம்தானே, துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கினேன். ஆனால் கண்ணாடிச் சட்டம் உட்காரும் முன்தடுப்பு முழுக்க இரும்பு. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் திறப்புகளைச் சுற்றியும், மேல் மூலைகளிலும், கால் குழியிலும் அது கரைந்திருந்தது. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். என் வண்டியில் அங்கே அரித்தது அலுமினியம், வெள்ளைப் பொடியாக.

நானும் முதலில் சீட்டைத்தான் செய்தேன். தைத்துப் பூட்டிய இரண்டே மாதத்தில் தரை வேலைக்காகத் திரும்பக் கழற்ற வேண்டியிருந்தது. வெல்டிங் பொறி பறந்து புது ரெக்சினில் மூன்று துளை. இன்றைக்கும் அந்தத் துளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

#4 – ஜீப்83

சரி, திட்டத்தை மாற்றிவிட்டேன். நன்றி. சட்டத்தைக் கழற்றத் தொடங்கினேன். இரண்டு பக்கக் கீல் போல்ட்டுகளும் அசையவில்லை. ஒன்றின் தலை வழுக்கத் தொடங்கிவிட்டது. சுத்தியலால் தட்டலாமா?

#5 – எஃப்ஜே40

சட்டத்தின் மேல் சுத்தியல் படக்கூடாது. மெல்லிய தகரம், நெளிந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. என் லேண்ட் க்ரூசரில் இதே கீல்கள்தான் மூன்று நாள் எடுத்தன.

முதல் நாள் ஊடுருவும் எண்ணெய் அடித்து விட்டுவிடுங்கள். மறுநாள் திரும்ப அடியுங்கள். அசெட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து சொட்டு சொட்டாக விடுவதும் நன்றாக வேலை செய்கிறது. அது சட்டென்று தீப்பிடிக்கும், அன்றைக்குத் தீச்சுடரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். தலை வழுக்கிய போல்ட்டுக்கு அடித்தால் திரும்பும் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர் போடுங்கள். அதில் விழும் அடி சுழற்சியாக மாறிப் போல்ட்டுக்குள் போகும். அடிக்கும்போது தகரத்துக்குப் பின்னால் ஒருவர் கனமான இரும்புத் துண்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் சூடுதான். எண்ணெயெல்லாம் துடைத்து உலர்ந்த பிறகு, கண்ணாடியை வெளியே எடுத்த பிறகு மட்டும். போல்ட்டைச் சுற்றிச் சுடவைத்து ஆறவிட்டுத் திருப்புங்கள். முதலில் இறுக்கும் திசையில் இம்மி, அப்புறம் தளர்த்தும் திசையில். அந்த இம்மி நகர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

#6 – தகரக்கை

கழற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சட்டம் வண்டியில் இருக்கும்போதே இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதி வையுங்கள். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ், வலது மேலிலிருந்து இடது கீழ். பிறகு இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்தில் உயரம். சட்டத்துக்கும் கவுலுக்கும் நடுவே இடைவெளி எங்கெல்லாம் எவ்வளவு என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றி மேசையில் போட்ட பிறகு இந்த அளவு எதுவும் கிடைக்காது.

#7 – ஜீப்83

போல்ட்டுகள் வந்துவிட்டன. மூன்றாவது நாள், சூட்டோடு. எஃப்ஜே40 அண்ணாவுக்கு நன்றி.

சட்டத்தைக் கழற்றி பெயிண்டைச் சுரண்டியதும் வேறு வண்டியைப் பார்ப்பது போல் இருந்தது. கீழ்த் தண்டின் நடுவில் ஒரு அடி நீளத்துக்கு இரும்பே இல்லை. எப்போதோ யாரோ பட்டி திணித்து, அதன்மேல் சிலிக்கான் அடித்து, மேலே அழகாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்ததும் பட்டி கட்டி கட்டியாக விழுந்தது. உள்ளே ஈர மண்ணும் இலைச் சருகும். இரண்டு கீழ் மூலைகளிலும் தகரம் இரண்டு மடிப்பாகச் சேரும் இடம் ஊதிப் பிரிந்திருக்கிறது.

மூலைவிட்டம் இரண்டுக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். இது பெரிய குறையா? மேல் தண்டும் பக்கத் தண்டுகளும் நன்றாகவே இருக்கின்றன.

#8 – சீரிஸ்மூன்று

புதுச் சட்டமே கிடைத்தால் வாங்கிவிடலாமே? உங்கள் மாதிரி வண்டிக்கு அச்சில் அடித்த புதுச் சட்டங்கள் வருகின்றன. ஒரு அடி இரும்பு போனபிறகு அதை உயிர்ப்பிப்பதில் எவ்வளவு நேரம் போகும் என்று யோசியுங்கள்.

#9 – தகரக்கை

இந்த ஒரு இடத்தில் சீரிஸ்மூன்று சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான்கு தண்டும் போயிருந்தால் புதுசு வாங்கச் சொல்வேன். இங்கே மேலும் பக்கமும் பழைய கெட்டித் தகரம். புதிதாக வரும் சட்டங்களில் நான் பூட்டிப் பார்த்த சிலவற்றில் கீல் துளை தள்ளியிருந்தது, பீடிங் உட்காரும் விளிம்பு மெலிந்திருந்தது. கடைசியில் அதையும் வெட்டி ஒட்டித்தான் பொருத்தினோம். இவருடைய கவுலோடும் கூரைக் கம்பியோடும் நாற்பது வருடம் பழகிய சட்டம் இது.

தம்பி, 4 மில்லிமீட்டர் குறைதான். கண்ணாடி தட்டை, அது வளையாது. சட்டம் கோணினாலோ முறுகினாலோ அந்தக் கோணல் முழுவதும் கண்ணாடியின் ஒரு மூலையில் போய் அழுத்தும். அழுகிய கீழ்த்தண்டை வெட்டும் முன் ஒரு கெட்டியான சமதளத்தில் சட்டத்தைப் படுக்க வைத்து, மேல் தண்டையும் பக்கத் தண்டுகளையும் குறுக்குக் கம்பிகளால் பிணையுங்கள். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல் கட்டுங்கள். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று லேசாகத் தொட வேண்டும். மேல் நூலையும் கீழ் நூலையும் இடம் மாற்றிக் கட்டி இன்னொரு முறை பாருங்கள். இடைவெளி விழுந்தாலோ ஒன்று மற்றதைத் தள்ளினாலோ சட்டம் முறுகியிருக்கிறது. முறுக்கு போய், மூலைவிட்டம் 1 மில்லிமீட்டருக்குள் வந்த பிறகு கீழ்த்தண்டை வெட்டுங்கள்.

துருவைத் தாண்டி நல்ல இரும்பு வரும்வரை வெட்டுங்கள். இதில் கருமித்தனம் கூடாது. பார்க்க நன்றாக இருக்கும் தகரத்தின் பின்பக்கம் பாதி தின்றிருக்கும். பழைய தகரத்தை வெர்னியரில் அளந்து அதே தடிமனில் புதுத் தகரம் எடுங்கள். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பி போட்டு, புள்ளி புள்ளியாக, ஒரு புள்ளி இந்தப் பக்கம், அடுத்தது அந்தக் கோடியில், நடுவில் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு. தொடர்ந்து ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் தகரம் இழுத்துக்கொள்ளும், பார்த்துப் பார்த்துப் பிடித்த 4 மில்லிமீட்டர் திரும்ப வந்துவிடும். இரண்டு தகரம் மேலொன்று கீழொன்றாகச் சேரும் இடத்தில் மேல் தகரத்தில் துளை போட்டு அந்தத் துளையை நிரப்பிப் பற்றவையுங்கள். உள்முகங்களுக்கு முன்கூட்டியே வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் வரும். துத்தநாகம் பூசிய தகரத்தைப் பற்றவைத்தாலும் அப்படித்தான். முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்துத் தேயுங்கள்.

குழாய் மாதிரி உள்ளே காலியான தண்டு என்பதால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் உள்ளே ஈரம் வியர்த்துக்கொண்டே இருக்கும். பெயிண்ட் வேலை முடிந்ததும் கீழ்த்தண்டின் அடியில் பழைய வடிதுளைகளைத் திறந்து, நீளமான குழல் வழியாக உள்ளே மெழுகு தெளிக்க வேண்டும். வடிதுளைகளை எந்தக் காலத்திலும் அடைக்கக் கூடாது.

#10 – எஃப்ஜே40

பாஸ்பாரிக் அமிலம் போட்டுத் துருவை மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமிலம் மிச்சமிருக்கும் தகரத்தின் மேல் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது. தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே சுடுகாற்றில் உலர்த்தி, லேசாகத் தேய்த்துப் பிறகு அடியுங்கள். மடிப்புகளுக்குள் அமிலத்தை விடவே கூடாது, கழுவி எடுக்க வழி இல்லை.

#11 – ஜீப்83

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். கீழ்த்தண்டு புதுசாக மாறிவிட்டது. நூல் இரண்டும் தொடுகின்றன, மூலைவிட்டம் அரை மில்லிமீட்டருக்குள். எபாக்சி பிரைமர், மடிப்புகளில் சீலர், மேலே பெயிண்ட். வடிதுளை நான்கும் திறந்திருக்கின்றன. பெயிண்ட் அடித்த சட்டத்தை இரவில் போய் விளக்கு போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

இனி கண்ணாடி. அளவு எப்படிக் கொடுப்பது? டெம்பர் செய்த கண்ணாடி இன்னும் வலுவானது என்று ஒருவர் சொல்கிறார்.

#12 – சீரிஸ்மூன்று

முன்கண்ணாடிக்கு டெம்பர் கண்ணாடி கூடாது. அது உடைந்தால் முழுதும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகிவிடும். ஓடும் வண்டியில் ஒரு கல் பட்டால் முன்னால் இருப்பது ஒன்றும் தெரியாது, துண்டுகள் மடியில் கொட்டும். முன்கண்ணாடிக்கு லேமினேட்தான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம், வழக்கமாக 0.76 மில்லிமீட்டர். உடைந்தாலும் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இந்த வகைக் கண்ணாடி பிறந்த கதை எனக்குப் பிடித்த ஒன்று. எடுவார் பெனெடிக்டுஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கையிலிருந்து ஒரு குடுவை கீழே விழுந்திருக்கிறது. உடைந்தும் சிதறவில்லை, உள்ளே படிந்து காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து வந்து 1909-இல் காப்புரிமை வாங்கினார்.

உங்கள் பழைய கண்ணாடி ஓரம் வெளுத்ததற்கும் அந்தப் படலம்தான் காரணம். இறுகிய பீடிங்கில் தங்கிய தண்ணீர் ஓரம் வழியாக உள்ளே ஊறிப் படலம் பிரிந்திருக்கிறது. அதைத் திரும்பத் தெளிய வைக்க வழி கிடையாது.

பழைய கண்ணாடியின் மூலையில் ஒரு சின்ன முத்திரை இருக்கும். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும், அல்லது ஏ.எஸ்.1 என்று. ஏ.எஸ்.1 என்றால் குறைந்தது 70 சதவீதம் வெளிச்சம் ஊடுருவும், முன்கண்ணாடிக்குப் போடலாம் என்று பொருள். வெட்டித் தருபவரிடம் வாகன முத்திரை உள்ள லேமினேட் தகட்டிலிருந்தே வெட்டச் சொல்லுங்கள். ஜன்னலுக்குப் போடும் கட்டட லேமினேட் வேண்டாம்.

#13 – தகரக்கை

அளவுக்குப் பழைய கண்ணாடியை நம்பாதீர்கள், அது கோணல் சட்டத்துக்காக வெட்டியதாக இருக்கலாம். கெட்டி அட்டையிலோ மெல்லிய பிளைவுட்டிலோ மாதிரி செய்யுங்கள். பீடிங்கை மாதிரிக்கு மாட்டி, சட்டத்தில் உட்கார வைத்து, நான்கு பக்கமும் ஒரே சீராகச் சேர்கிறதா பாருங்கள். அந்த மாதிரியைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். தடிமனைப் பீடிங் பள்ளத்துக்கு ஏற்ப எடுக்க வேண்டும். ஓரங்களைத் தேய்த்து மழுக்கித் தரச் சொல்லுங்கள். ஓரத்தில் நகக்கண் அளவு சில்லு இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

#14 – ஜீப்83

கண்ணாடி போட்டேன். இரண்டாவது நாள் காலை பார்த்தால் இடது கீழ் மூலையிலிருந்து நடு வரைக்கும் ஒரு கோடு. யாரும் தொடவில்லை, வண்டி ஓடவும் இல்லை. எல்லா அளவும் சரியாகத்தானே இருந்தது? மனசே சரியில்லை.

#15 – தகரக்கை

வருத்தப்படாதீர்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த மூலையில் பீடிங் உட்காரும் விளிம்பை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

#16 – ஜீப்83

தெரிந்தது அண்ணா. நான் பற்றவைத்த புள்ளி ஒன்று விளிம்பின் உள்முகத்தில் அரிசி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. மேலே பிரைமரும் பெயிண்டும் ஏறியதால் வழவழப்பாகத் தெரிந்திருக்கிறது. கிரைண்டரில் சமமாக்கி, சுற்றிலும் விளிம்பை அங்குலம் அங்குலமாகத் தடவி, இன்னும் இரண்டு இடம் கண்டுபிடித்துத் தேய்த்தேன். பிரைமர் திரும்ப அடித்தாயிற்று. இரண்டாவது கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கயிறு போட்டு மாட்டும் முறையை யாராவது விளக்கமாக எழுதுங்கள். போன தடவை நெம்பி நெம்பித்தான் உட்கார வைத்தேன், அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

#17 – எஃப்ஜே40

நெம்புவது கண்ணாடிக்கு ஆகாது. இப்படிச் செய்யுங்கள்.

பீடிங்கை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு இளக்குங்கள். இளகிய பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள், மூலைகளில் இழுபடாமல் கொஞ்சம் தாராளமாகத் தள்ளிக் கொடுங்கள். மூலையில் இழுத்து மாட்டினால் பிறகு சுருங்கி அங்கேதான் ஒழுகும். வெளியே சட்டத்தைப் பிடிக்கும் பள்ளத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றிலும் திணித்து, இரண்டு முனையும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சாண் தாண்டி வெளியே தொங்கட்டும்.

சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ், என்ஜின் எண்ணெய் எதுவும் கூடாது. பீடிங் செய்யும் இ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிவிடும். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த வேண்டும். மற்றவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையைச் சட்டத்துக்கு இணையாக, கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். கயிறு வரவர ரப்பர் உதடு சட்டத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே மடியும். கயிறு எங்கே இருக்கிறதோ அங்கே வெளியில் அழுத்தம் கூடவே நகர வேண்டும். அவசரமே கூடாது. எங்காவது மக்கர் செய்தால் கண்ணாடியைத் தட்டாமல் அந்த இடத்தில் இன்னும் சோப்புத் தண்ணீர் விடுங்கள்.

பள்ளத்தில் திணித்து இறுக்கும் பூட்டுப் பட்டி உள்ள பீடிங் என்றால் அதைக் கடைசியில் போடுங்கள். ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே இறுகாத பியூட்டைல் சீலர் மெல்லிசாக இருந்தால் நல்லது. ஒட்டிப் பிடிக்கும் யூரித்தேன் வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாமல் போகும்.

#18 – ஜீப்83

கண்ணாடி உட்கார்ந்துவிட்டது! இருபது நிமிடம்தான். நான்கு நாள் ஆகிறது, விரிசல் இல்லை.

ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இன்னமும் முழங்காலில் சொட்டுகிறது. அதே இடம்.

#19 – தகரக்கை

ஊற்றிய விதத்தைச் சொல்லுங்கள். மேலிருந்து ஊற்றியிருந்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எது ஒழுகுகிறது என்று தெரியாமல் போகும். கீழிருந்து மேலே போக வேண்டும். உள்ளே ஒருவர் விளக்கோடு படுத்துக்கொள்ளட்டும். டேஷ்போர்டின் பின்பக்கத் தகரத்தில் சாக்பீஸ் தூளைத் தடவுங்கள், தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். முதலில் கவுலை மட்டும் ஐந்து நிமிடம் மெல்லிய ஓட்டத்தில் நனையுங்கள். ஒன்றுமில்லை என்றால் கவுலுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள ரப்பர். அப்புறம் வைப்பர் அச்சு. கண்ணாடிப் பீடிங் எல்லாவற்றுக்கும் பிறகு. குழாயில் பீச்சி அடிக்காதீர்கள், எந்த ரப்பரும் அதற்குத் தாங்காது.

#20 – ஜீப்83

கண்டுபிடித்துவிட்டோம். இரண்டு இடம். வைப்பர் அச்சு வெளியே வரும் துளையில் இருந்த ரப்பர் வளையம் பொடிந்து போயிருக்கிறது, அச்சின் வழியாகவே தண்ணீர் நூல் மாதிரி இறங்குகிறது. இன்னொன்று கவுலின் மேல்தகரமும் பக்கத்தகரமும் சேரும் மடிப்பு. பழைய சீலர் வெடித்து மயிரிழை போல் ஒரு கோடு, வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் கீறல் மாதிரிதான் இருக்கிறது. பீடிங்கில் ஒரு சொட்டும் இல்லை. இத்தனை வருடமும் கண்ணாடியையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மடிப்பைத் தகரம் தெரியும்வரை சுரண்டி, பிரைமர் அடித்து, புது சீலர் வைத்தேன். அச்சுக்குப் புது வளையம். கவுல் ரப்பரையும் மாற்றினேன். சட்டத்தைத் தூக்கி ரப்பருக்கு மேல் காகிதத் துண்டு வைத்து, சட்டத்தை இறக்கிப் பூட்டி இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் காகிதம் இறுக்கமாகப் பிடிக்கிறது, நடுவில் மட்டும் கொஞ்சம் லேசு.

நேற்று அரை மணி நேரம் நனைத்தோம். தரையில் விரித்த செய்தித்தாள் உலர்ந்தபடி இருந்தது.

#21 – சீரிஸ்மூன்று

அருமை! இனி உள்பக்கத்துக்கு இறங்கலாம். தரையில் ஒட்டியிருக்கும் பழைய தார்ப் பலகையை எடுக்க உலர் பனிக்கட்டியைப் பரப்புங்கள். அது மைனஸ் 78.5 டிகிரி. தார் இறுகி, தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்துவிடும். தடித்த கையுறை போடுங்கள், கதவெல்லாம் திறந்திருக்கட்டும், கரியமில வாயு தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

#22 – தையல்ஊசி

இந்த இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன், என் பகுதி வந்துவிட்டது.

திறந்த வண்டிக்குத் தரையில் கம்பளம் வேண்டாம், சணலும் வேண்டாம். எவ்வளவு அடைத்தாலும் மழையில் ஏறும் காலோடு தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், அது காய வேண்டும். சத்தம் குறைய வேண்டுமானால் தகரத்தில் நேராக ஒட்டும் பியூட்டைல் பட்டை, அதன்மேல் நீர் உறிஞ்சாத மூடிய நுரை, மேலே கழற்றி உதறக்கூடிய ரப்பர் மேட். பட்டையை வடிதுளைக்கு மேல் ஒட்டிவிடாதீர்கள், நான் பார்த்த வண்டிகளில் பாதிப் பேர் அப்படித்தான் ஒட்டுகிறார்கள்.

சீட்டுக்குப் படகுகளுக்குப் போடும் வகை ரெக்சின் எடுங்கள். வெயிலும் பூஞ்சையும் தாங்கும். நூலும் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் நனைந்து நனைந்து மக்கி, ரெக்சின் நன்றாக இருக்கும்போதே தையல் விடும். பழைய உறையைத் தூக்கிப் போடாமல் தையலைப் பிரித்து ஒவ்வொரு துண்டாக எடுத்து வையுங்கள், அதுதான் வெட்டுவதற்கு மாதிரி. புது உறையை மாட்டும் முன் வெயிலில் காய வைத்தால் இளகி இழுப்பதற்கு வரும்.

சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் சாதாரண போல்ட்டாக மாற்றாதீர்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அது 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை உள்ள தனி ரகம். தரைக்குப் புதுத் தகரம் வைப்பவர் நீங்கள். அந்த இடத்தில் அடியில் தடித்த தாங்குதகடு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தரைத் தகரம் இழுப்பைத் தாங்காது.

#23 – ஜீப்83

தாங்குதகடு இல்லை. நல்லவேளை சொன்னீர்கள். இரண்டு பக்கமும் வைத்துவிட்டேன்.

டேஷ்போர்டு தகரம் என்பதால் எளிதாக முடிந்தது, பெயிண்ட் அடித்து மீட்டர்களைத் திரும்பப் பூட்டினேன். இப்போது புதுப் பிரச்சினை. டேங்கில் பாதி பெட்ரோல்தான் இருக்கிறது, முள் முழுசு காட்டுகிறது. என்ஜின் சூட்டு முள்ளும் சாவி போட்டதும் மேலே ஏறுகிறது. கழற்றும் முன் இரண்டும் சரியாக இருந்தன.

#24 – கம்பிவேலை

இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறினால் மீட்டர்களைச் சந்தேகப்படாதீர்கள். அந்தக் கால வண்டிகளில் பெட்ரோல் மீட்டரும் சூட்டு மீட்டரும் நேராக 12 வோல்ட்டில் ஓடுவதில்லை. நடுவில் ஒரு சின்ன வோல்ட்டேஜ் சீராக்கி இருக்கும். சில வண்டிகளில் சுமார் 5 வோல்ட், லேண்ட் ரோவர் மாதிரி வண்டிகளில் 10. உள்ளே ஈருலோகப் பட்டை ஒன்று சூடாகி வளைந்து தொடர்பை விட்டு விட்டுப் பிடிக்கும். அந்தப் பட்டை சூடாக வேண்டுமானால் சீராக்கியின் உடம்புக்கு எர்த் வேண்டும். நீங்கள் டேஷ்போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள், எர்த் பிடிக்கும் இடத்திலும் பெயிண்ட் ஏறியிருக்கும். எர்த் இல்லாவிட்டால் 12 வோல்ட்டும் அப்படியே போய் இரண்டு முள்ளும் மேலே ஏறும்.

அந்தத் திருகுக்கு அடியில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இன்னும் நல்லது, மீட்டர் பலகையிலிருந்து உடம்புக்குத் தனியாக ஒரு எர்த் கம்பி இழுத்துவிடுங்கள். சீக்கிரம் செய்யுங்கள், அதிக வோல்ட்டில் ரொம்ப நேரம் விட்டால் மீட்டருக்குள் சுருள் கருகும்.

#25 – ஜீப்83

தனி எர்த் கம்பி போட்டேன். பாதி டேங்க், பாதி முள். மிக்க நன்றி.

சீட் உறை தைக்கக் கொடுத்திருக்கிறேன், துண்டுகளைப் பிரித்து மாதிரியாகவே கொடுத்தேன். நேற்று முதல் மழை. துணிக் கூரை மாட்டி இரண்டு மணி நேரம் ஓட்டினேன், பழைய மரப்பெட்டியை சீட்டாகப் போட்டு, வண்டியைச் சோதித்துப் பார்க்கும் வேகத்தில் மட்டும். முழங்கால் நனையவில்லை. பக்கத் திரை வழியாகத் தோளில்தான் கொஞ்சம் தெறித்தது.

ஒரு கேள்வி பாக்கி. காகிதச் சோதனையில் கவுல் ரப்பரின் நடுவில் லேசாக இருந்தது என்றேன் அல்லவா? மழையில் ஒழுகவில்லை. ஆனால் சட்டத்தை அடிக்கடி மடித்து நிமிர்த்தினால் ரப்பர் அங்கே இன்னும் தளருமா? கீல் துளையில் கொஞ்சம் இறக்கிப் பூட்ட இடம் இருக்கிறது.

#26 – தகரக்கை

இறக்காதீர்கள். இரண்டு ஓரத்திலும் ரப்பர் நசுங்கிச் சீக்கிரம் செத்துப்போகும். நடுவில் மட்டும் ரப்பருக்கு அடியில் 1 மில்லிமீட்டர் மூடிய நுரைப் பட்டை ஒட்டுங்கள், இரண்டு முனையையும் சரிவாகச் சீவி. ஒட்டியதும் காகிதம் வைத்து இழுத்துப் பார்த்து எழுதுங்கள்.